எழுத்துக்குப் பின், தாலிக்கு முன்

ஜூலை 8, செவ்வாய். ஷார்ல்

இல்லை, பயம் அல்ல. பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது வேறு. மலை ஏறியதால் இருக்கலாம்.

காலையில் ஸ்குவோலில் தொடங்கினோம். ஆறு நாள் சைக்கிள் பாதை. மூன்று கணவாய்கள், நடுவில் கொஞ்சம் இத்தாலி, பிறகு இன் ஆற்றோடு திரும்பவும் ஸ்குவோல். பகீரதன் வரைபடத்தில் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

"தாலிக்கு முதல் ஆளையாள் கொஞ்சம் அறியவேணும், யது. அக்கா வீட்டிலை இருந்து தேத்தண்ணி குடிச்சு ஒண்டும் தெரியவராது."

அவர் ஒரே மூச்சில் என்னோடு பேசிய மிக நீண்ட பேச்சு அது.

நிலைமையை எழுதி வைக்கிறேன். பிறகு குழம்பக் கூடாது. பெப்ரவரியில் அவர் யாழ்ப்பாணம் வந்தார், கலியாண எழுத்து முடிந்தது. ஒரு பதிவாளர், இரண்டு சாட்சிகள், ஒரு கேக். சுவிஸ் சட்டப்படி நான் அவர் மனைவி. அவருடைய அக்கா வதனி மச்சாளின் சட்டப்படி இன்னும் இல்லை. அதனால் துன் நகரில் அவர் தன் வீட்டில், நான் மச்சாளின் வீட்டில். ஒகஸ்ட் கடைசியில் தாலி. மண்டபம் பிடித்தாயிற்று. அதற்கு முன் யாராவது வேண்டாம் என்று சொல்லலாம். அதற்குப் பின் அந்தச் சொல் கிடையாது. ஆனால் வேண்டாம் என்றால் எனக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதியும் கிடையாது. எழுத்து எழுதித் திரும்பி வந்தவள் என்று ஊரில் இருப்பேன். எனக்குப் பின்னால் தங்கை சாதனா நிற்கிறாள். அவளுக்கும் கலியாணம் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

காவலுக்கு மச்சாள். சைக்கிள் ஓடத் தெரியாது. ஆகவே வான் வண்டியில் தார்ப்பாதை வழியே சுற்றி வந்து ஒவ்வொரு பின்னேரமும் எங்களைப் பிடிக்கிறார்.

"பகலிலை எங்கையெண்டாலும் உருளுங்கோ. இருட்டினால் ரெண்டு பேரும் என்ர கண்ணுக்கு முன்னாலை."

எனக்குத் தந்த சைக்கிள் கத்தரிப்பூ நிறம். இருக்கையின் உயரத்தை மாற்றத் தேவைப்படவில்லை. சைக்கிள் சட்டத்தில் கட்டிய சிறிய பைக்குள் பெண்கள் போடும் கையுறை ஒரு சோடி இருந்தது. யாருடையது என்று கேட்டேன். "பழசு," என்றார். பழைய சைக்கிள் ஒன்றை எங்கோ வாங்கியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பாதை முழுவதும் கற்சரிவு. சாம்பல் நிறம். மலை தன்னைத்தானே கொட்டிக்கொண்டிருப்பது போல. பகீரதன் முன்னால் போனார். அவருடைய பிடரியில் வெயில் பட்டுச் சிவந்த ஒரு கோடு. பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை.

விடுதிக்காரி அவரைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு சைக்கிளைப் பார்த்தாள். பிறகு அவரிடம், கேள்வியாக, ஒரு பெயர்: செரைனா? அவர் இல்லை என்று தலையசைத்துச் சுருக்கமாக ஏதோ சொன்னார். நான் ஜெர்மன் இரண்டாம் நிலை வகுப்பில்தான் இருக்கிறேன். எல்லாம் விளங்குவதில்லை.

மச்சாள் அறை யன்னலைத் திறந்து வைத்துவிட்டு ரைஸ் குக்கரைப் போட்டார். அறைக்குள் சமைக்கக் கூடாது என்று கதவில் படம் கீறி ஒட்டியிருக்கிறது.

"அது பன்றி இறைச்சி பொரிக்கிற ஆக்களுக்கு," என்றார் மச்சாள். "சோறு மணக்காது."

சோறு மணந்தது.


ஜூலை 9, புதன். சாந்தா மரியா

காலையில் தமாங்கூர் என்ற காடு. ஊர்ப் பெயர் போல ஒலிக்கிறது. பெரும்பாதி மரங்கள் செத்தவை. செத்த பிறகும் விழாமல் நிற்கின்றன, வெள்ளி நிறத்தில். அவற்றின் நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பேசாமல் இருப்பதில் அவர் கெட்டிக்காரர். நானும் தேறி வருகிறேன்.

கொஸ்டைனாஸ் கணவாய். உச்சி என்று எதுவும் இல்லை. புல், மாடுகள், ஒரு பலகை. அங்கே உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம்.

"யாழ்ப்பாணத்திலை மலையே இல்லையோ?" என்று கேட்டார். மூன்று வயதில் சுவிஸுக்கு வந்தவர். எழுத்துக்காக வந்த இரண்டு கிழமைதான் அவர் கண்ட யாழ்ப்பாணம்.

"இருக்கே. கீரிமலை."

"எவ்வளவு உயரம்?"

"கடல் மட்டம்."

கொஞ்சம் பொறுத்துத்தான் அவருக்கு விளங்கியது. பிறகு சிரித்தார். முகம் முழுவதும் சிரித்தது. பல்லில் சம்பல். நான் வேறு பக்கம் திரும்பி மாடுகளைப் பார்த்தேன்.

இறக்கம் எனக்குப் புதிது. எங்கள் ஊர் தட்டை. சைக்கிள் என்றால் மிதிப்பது, மிதிப்பதை விட்டால் நிற்பது. இங்கே மிதிக்காமலே உலகம் பின்னால் போகிறது. வகுப்புக்கு ஓடிய காலம் முழுவதும் என் சைக்கிளில் முன் பிரேக் வேலை செய்ததில்லை, இடக்கையால்தான் எல்லாம். இங்கேயும் இடது நன்றாகப் பிடிக்கிறது. தொட்டால் போதும்.

கீழே வந்ததும், "நீர் பயப்பிடேல்லை," என்றார், வியப்பாக.

"பயப்பிட்டனான். காட்டேல்லை."

"அப்ப என்னை மாதிரித்தான்."

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

சாந்தா மரியாவில் பேக்கரி வாசலில் ஒரு கிழவர் கத்தரிப்பூச் சைக்கிளின் கைபிடியைத் தட்டி, அதே பெயரைச் சொன்னார். இந்த ஊர்ப் பெயர்தான் போலிருக்கிறது. இந்தப் பக்கத்தில் பலருக்கு இருக்கலாம். பகீரதன் ஹெல்மெட்டின் கொளுவியைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டினார். அப்போது மச்சாள் வானிலிருந்து இறங்கி வந்து, முதியோர் இல்லச் சமையலறையில் பழகிய ஜெர்மனில், என்னைச் சுட்டி, "நொய ஃப்ராவ்! நொய!" என்றார். புது மனைவி. புது.

கிழவர் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் சொன்னார். நானும் கைகூப்பினேன். வேறு என்ன செய்வது?


ஜூலை 10, வியாழன். லிவீன்யோ

விழுந்துவிட்டேன். இடது மணிக்கட்டு. எலும்பு உடையவில்லை, நார் கிழிந்திருக்கிறது என்று இங்குள்ள வைத்தியர் சொன்னார். பட்டை போட்டிருக்கிறது. எழுதலாம்.

முதலில் இருந்து. காலையில் வால் மோரா. மனிதர் இல்லாத பள்ளத்தாக்கு. நீண்டது. நடுவில் ஓர் ஆறு, எங்கே போவது என்று முடிவு செய்யாத மாதிரி நாலைந்து கிளையாகப் பிரிந்து கற்களுக்குள் ஓடுகிறது. மேகம் தலைக்கு மேல் ஒரு மூடி. பாதை ஒரு சைக்கிள் அகலம்தான். வலப்பக்கம் சரிவு, இடப்பக்கம் சரிவு. எல்லை எங்கே என்று தெரியாமலே இத்தாலிக்குள் வந்துவிட்டோம்.

பிறகு அல்பிசெல்லாக் கணவாய். ஏறி முடித்து இறங்கும்போது, தளர்ந்த கல், வளைவு, எதிரே இருவர் ஏறி வந்தார்கள். இடக்கையை இறுக்கினேன். முழு இறுக்கு. பின்சில்லு வழுக்கிக்கொண்டு நிற்கும், ஊரில் அப்படித்தான் நிற்கும். நிற்கவில்லை. முன்சில்லு நின்றது. நான் நிற்கவில்லை. கைபிடிக்கு மேலால் போனேன்.

வானம். பிறகு அவர் முகம்.

அவர் ஓடி வந்த சத்தம் கேட்டது, கற்கள் உருண்டன. என் தலையை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஜெர்மனில் பேசினார். ஜெர்மனும் அல்ல, இந்த நாட்டார் தங்கள் வீட்டுக்குள் பேசும் சுவிஸ் மொழி. நிறுத்தாமல், தணிந்த குரலில், சொல்லுக்கு மேல் சொல்லாக. இத்தனை மாதங்களில் என்னோடு பேசியதெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. அது பழகிய குரல். நெடுநாள் பாவித்த குரல். கல் முதுகில் குத்தியது. நான் எழும்ப முயலவில்லை.

பிறகு கண்ணைச் சரியாகப் பார்த்தார். யார் என்று பார்த்தார். தமிழுக்கு வந்தார்.

"நோகுதோ, யது? எங்கை நோகுது?"

குரலும் மாறிவிட்டது. பேருந்தில் இடம் விடுபவரின் குரல். மரியாதையானது.

அந்த மற்ற மொழியில் என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. 'நான் இங்கே இருக்கிறேன்' என்பது மட்டும் விளங்கியது. அது முதல் நிலை வகுப்பிலேயே வந்துவிடும்.

சைக்கிளைப் பார்த்தவர் கேட்டார்: "ஏன் முன் பிரேக்கை அவ்வளவு இறுக்கினனீர்?"

"நான் பின் பிரேக்தான் பிடிச்சனான். இடது."

"இடது முன்னுக்கு."

"எங்கட ஊரிலை இடது பின்னுக்கு. வலது முன்னுக்கு."

"இல்லை, இடதுதான் முன்னுக்கு," என்றார். பிறகு நிறுத்தினார். தன் கைகளைப் பார்த்தார். உலகத்தில் வேறு மாதிரியும் இருக்கலாம் என்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை. எனக்கும் ஒருவரும் சொன்னதில்லை. மூன்று நாள் மலையில், ஆளுக்கொரு சைக்கிள் ஓடியிருக்கிறோம். இரண்டு பேரும் கேட்கவில்லை.

"நான் சொல்லியிருக்கவேணும்."

"தெரிஞ்சால்தானே சொல்லலாம்."

கீழே ஏரிக்கரை வரை நடந்தோம். மச்சாள் என் கையைப் பார்த்ததும் அவரைத்தான் ஏசினார். "மண்டபம் பிடிச்சிருக்கு, மணவறை சொல்லியிருக்கு. பொம்பிளையைக் கொண்டுபோய் மலையிலை எறியிறாய். உனக்கு மூளை எண்டு ஒண்டு இருக்கோ?"

அவர் கத்தரிப்பூச் சைக்கிளின் முன்சில்லைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நெளிந்திருக்கிறதா என்று. மெதுவாக, விரலால் தடவி.


ஜூலை 11, வெள்ளி. லிவீன்யோ

மழை. கடைத்தெரு. வரியில்லாத வாசனைத் தைலமும் வரியில்லாத சிகரெட்டும். பகீரதன் தன் அறையில். என் கை வீங்கியிருக்கிறது.

மச்சாள் என் மணிக்கட்டுக்கு எண்ணெய் தடவ வேண்டும் என்று பட்டையை அவிழ்த்தார். வைத்தியர் அவிழ்க்க வேண்டாம் என்றார் என்று சொன்னேன். "அவருக்கு என்ன தெரியும், இத்தாலிக்காரன்," என்றார். தடவிக்கொண்டே, நான் கேட்காத ஒன்றைச் சொன்னார்.

"ஆறு வருசம் ஒண்டா இருந்ததுகள். இந்த மலைப்பக்கத்துப் பிள்ளை. கெட்ட பிள்ளை எண்டு நான் சொல்லமாட்டன், என்ர வாய் அழுகிப்போகும். எனக்குக் கால் ஏலாமக் கிடக்கேக்கை வந்து வீடு கூட்டினவள். ஆனா அம்மா ஆஸ்பத்திரியிலை கிடந்து அவன்ர கையைப் பிடிச்சுக் கேட்டவ. ஓமெண்டிட்டான். எங்கட ஆக்களிலை ஒரு பிள்ளையைத்தான் கட்டுவன் எண்டு. அம்மா போய், ஆண்டுத்திவசம் முடியுமட்டும் தள்ளிப் பாத்தான். பிறகு நான்தான் நெருக்கினது."

மழை தகரத்தில் விழுந்தது.

"நீ அவனை ஒண்டும் கேளாதை, பிள்ளை. கேட்டால் சொல்லிப்போடுவான், அவனுக்குப் பொய் வராது. சொன்னால் பிறகு அது வீட்டுக்குள்ளை இருக்கும். கேளாட்டி இல்லை."

"நான் ஒண்டும் கேக்கேல்லையே, மச்சாள்."

"அதைத்தான் சொல்லிறன். கெட்டிக்காரி."

மீண்டும் பட்டை கட்டினார். வைத்தியர் கட்டியதைவிட நன்றாக.

நாளை கடைசிக் கணவாய், சஷௌனா. நான் போகிறேன் என்று சொன்னேன். மச்சாள் கத்தினார். "கையை வச்சுக்கொண்டோ? இந்தச் சனங்கள்தான் விசரிலை மலை ஏறுதுகள். நாங்கள் இடம்பெயரேக்கை நடந்த நடை காணாதோ?"

அந்த ஏற்றத்தில் எல்லோருமே சைக்கிளைத் தள்ளித்தான் போவார்கள், ஓட வேண்டியதில்லை என்றேன். தொடங்கியதை முடிக்க வேண்டும் என்றேன். காரணம் அவ்வளவுதான்.


ஜூலை 12, சனி. ஷ்சான்ஃப்

ஒரு கையால் தள்ள முடியவில்லை. செங்குத்து. சில்லு கல்லில் வழுக்கிப் பின்னால் வருகிறது. ஆகவே பகீரதன் தன் சைக்கிளைக் கொஞ்சத் தூரம் தள்ளிக்கொண்டு போய்க் கிடத்துவார், இறங்கி வருவார், என்னுடையதைத் தள்ளிக்கொண்டு போவார். திரும்பவும் அப்படி. கணவாய் முழுவதையும் அவர் இரண்டு தடவை ஏறினார். நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். ஒவ்வொரு முறையும் என்னைக் கடக்கும்போது, "சரியோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். மூச்சு வாங்குவது கேட்டது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நிறுத்துங்கள், போதும், திரும்புவோம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் இறங்கி வருவது எனக்குப் பிடித்திருந்தது, என்னை நோக்கி.

அடித்துவிட்டேன் அந்த வரியை. படிக்க முடிகிறது, பரவாயில்லை.

உச்சியில் காற்று. பழைய பனி ஒரு திட்டு, அழுக்காக. எல்லைக் கல். அவர் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கேட்டேன். மச்சாள் சொன்னதை மீறி அல்ல, வேறு கேள்வி.

"ஏன் என்னை இந்தப் பாதையிலை கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

யோசித்தார். பொய் வராதவர் யோசிப்பது வேறு மாதிரி இருக்கிறது. சொல் தேடுவதில்லை.

"வேறை பாதை எனக்குத் தெரியாது," என்றார். "உம்மோடை இதாலை வந்தால்... எல்லாம் உம்மட மாதிரி மாறும் எண்டு நினைச்சனான்."

"மாறினதோ?"

அவர் கையுறையைக் கழற்றி மாட்டினார்.

"நான் உமக்கு ஒரு குறையும் வைக்கமாட்டன், யது. அது எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்."

உண்மையில் அதுதான் சிக்கல். ஒரு குறையும் இருக்காது. முப்பது வருடம், நாற்பது வருடம், ஒவ்வொரு ஏற்றத்திலும் எனக்காகவும் ஒருமுறை ஏறுவார். "சரியோ?" என்று கேட்பார். நான் எங்காவது விழுந்தால் மட்டும் அந்த மற்றக் குரல் கேட்கும்.

எனக்கு அனுமதி வேண்டும். சாதனாவுக்கு வழி வேண்டும். வேண்டாம் என்ற சொல்லை அவர் சொல்ல முடியாது, செத்த தாய்க்குக் கொடுத்த கை. சொல்ல வேண்டியவள் நான்தான் என்று அந்த நேரத்தில் தெளிவாகத் தெரிந்தது. சொன்னால் அவர், இல்லை யது, அப்படிச் சொல்லாதேயும் என்பார் என்றும் எங்கோ ஓரிடத்தில் நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

"எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்," என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "நான் ஏதும் பிழை விட்டனானோ?"

"இல்லை."

"பிரேக்கோ?"

"விசரே உங்களுக்கு? இல்லை." சிரித்துவிட்டேன். நான்தான் சிரித்தேன். "எல்லாரிட்டையும் நான்தான் வேண்டாமெண்டன் எண்டு சொல்லுங்கோ. எனக்கு இந்த நாடு பிடிக்கேல்லை, குளிர் எண்டு சொல்லுங்கோ."

அவர் அழுதார். நிம்மதியில் அழுவதும் துக்கத்தில் அழுவதும் பார்க்க ஒரே மாதிரி என்று இதுவரை நினைத்திருந்தேன். இல்லை. நிம்மதியில் முதலில் தோள் இறங்குகிறது. சுமந்ததை எங்கே வைப்பது என்று தேடாமல், அப்படியே இறங்குகிறது. அதை நான் பார்த்திருக்கக் கூடாது.

பிறகு அவசரமாகச் சொன்னார்: "எழுத்து அப்பிடியே இருக்கட்டும். உமக்கு உம்மட அனுமதி கிடைக்குமட்டும் நான் ஒண்டும் செய்யமாட்டன். ஒரு வீட்டிலை இருக்கலாம், நீர் ஒரு அறை, நான் ஒரு அறை. ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை. எத்தினை வருசமெண்டாலும்."

நல்ல மனிதர். ஒரே வீடு. சுவருக்கு அந்தப் பக்கத்தில் அந்தக் குரல்.

"அது ஏலாது," என்றேன்.

"ஏன்? அதிலை உமக்கு ஒரு நட்டமும் இல்லையே."

காரணம் சொல்லவில்லை. எழுதவும் இல்லை.

இறக்கம் முழுவதும் நடந்தோம். அவரும் ஏறி ஓடவில்லை, பக்கத்தில் இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நடந்தார். இலேசாக நடந்தார். ஓரிடத்தில் விசிலடிக்கத் தொடங்கி, நான் இருக்கிறேன் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.


ஜூலை 13, ஞாயிறு. ஷ்சான்ஃப்

விடியவே அவர் போய்விட்டார், ஆற்றோடு, ஸ்குவோலுக்கு. வட்டத்தை முடிக்க. கத்தரிப்பூச் சைக்கிளை வானின் பின்னால் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

மச்சாளிடம் நானே சொன்னேன். வாகனத் தரிப்பிடத்தில், அவர் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது. கத்தி நின்றது.

"அவன் ஏதும் சொன்னவனோ?"

"இல்லை."

"நீ கேட்டனியோ?"

"இல்லை."

"பிறகென்ன கோதாரிக்கு?"

"எனக்கு விருப்பமில்லை, மச்சாள்."

என் முகத்தையே பார்த்தார். நான் முகத்தைச் சரியாகத்தான் வைத்திருந்தேன். அவர் கண் முதலில் கலங்கியது.

"பொய்க்காரி," என்றார். "உனக்கு விருப்பம்." பிறகு பாணை எடுத்து இரண்டாக மடித்து என் கையில் வைத்து அமத்தினார். "எனக்கும் நீ வேணுமெண்டு இருந்தது. வீட்டிலை கதைக்க ஒரு ஆள். நான் அவனிட்டைச் சொல்லட்டோ? இப்பவே போன் அடிச்சுச் சொல்லுவன்."

"சொன்னால் திரும்பி வருவார்."

"வரட்டுமன்."

"அப்பிடி வரக்கூடாது."

மச்சாள் மூக்கைச் சீறிவிட்டு, கைபேசியை என்னிடம் நீட்டினார். தன்னுடையதில் பேச்சு நேரம் கூடுதலாக இருக்கிறது என்றார்.

அப்பா உடனே எடுத்தார். அங்கே மத்தியானம், காகங்கள் கேட்டன. சொன்னேன்.

"அடிச்சவனோ?"

"இல்லை, அப்பா."

"குடியோ?"

"இல்லை."

"வேறை ஆரும் பொம்பிளையோ?"

"இல்லை அப்பா, நல்ல மனிசன்."

"அப்ப ஏன்? நல்ல மனிசன் எண்டிறாய். உனக்குப் பிறகு ஒருத்தி இருக்கிறாள், தெரியுமோ? நான் ஆருக்கு என்னத்தைச் சொல்லுறது? பிள்ளை, ஏன்?"

தொடர்பு அறுந்துவிட்டது. நான்தான் வைத்தேன்.

பாணைச் சாப்பிட்டேன். பிறகு சாதனாவுக்குப் போன் எடுத்தேன்.